பெரிய பாம்பின் கூண்டுக்கு எந்த ஹீட்டர்? கோவையில் நான் வாங்கிப் பார்த்தவை

கோவை, பொள்ளாச்சி, திருப்பூர், ஈரோடு பக்கம் பெரிய பாம்பு வளர்ப்பவர்கள் கூண்டுக்கு ஹீட்டர் வாங்கப் போனால், எத்தனை டிகிரி சூடு வரும் என்று கேட்பதற்கு முன் இன்னொன்றைக் கேட்க வேண்டும். பழுதாகும்போது இது அணைந்துபோய்ப் பழுதாகுமா, எரிந்துகொண்டே பழுதாகுமா? நான் கணபதியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். சூட்டில் கருகி வரும் சாமான்களைப் பிரித்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. அந்தக் கண்ணோடுதான் பாம்புக் கூண்டுக்கான கருவிகளையும் பார்த்தேன். எனக்குப் பிடித்தது எது, தூக்கி வைத்தது எது என்று காரணத்தோடு எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது போவா கன்ஸ்டிரிக்டர், பெண். வால் பக்கம் செங்கல் நிறத்தில் சிவந்திருப்பதால் என் மகள் பவளம் என்று பெயர் வைத்தாள். ஏழடி நீளம், ஒன்பது கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். மச்சினன் வேலைக்காக வெளிநாடு போனபோது முறைப்படி எங்கள் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். முறைப்படி என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் காட்டு மலைப்பாம்பையோ நம் நாட்டில் வாழும் வேறு காட்டுப் பாம்பையோ வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். போவா போன்ற வெளிநாட்டு இனங்கள், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் வருகின்றன. அவற்றை வைத்திருப்பவர்கள் 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். தாள் சரியாக இல்லாத பாம்பை யாராவது குறைந்த விலைக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள். கூண்டும் ஹீட்டரும் அதற்குப் பிறகு வருகிற பேச்சு.

பவளத்துக்கு வேண்டியது இவ்வளவுதான்: கூண்டின் ஒரு கோடியில் அவள் சுருண்டு படுக்கும் இடம் 31 முதல் 33 டிகிரி, மறு கோடி 25 முதல் 27, இரவில் எங்கேயும் 23க்குக் கீழே போகக் கூடாது. பாம்பு தன் உடலில் சூடு உண்டாக்கிக்கொள்ளாது. இந்த இரண்டு கோடிகளுக்கும் இடையில் நகர்ந்துதான் தன்னைச் சரிசெய்துகொள்ளும். சூடு போதாவிட்டால் விழுங்கிய இரை செரிக்காமல் வெளியே வந்துவிடும். குளிர் நீடித்தால் மூச்சுக்குழாயில் தொற்று வரும், வாயைத் திறந்துகொண்டு மூச்சுவிடத் தொடங்கும். இவையெல்லாம் கெட்டவைதான். ஆனாலும் ஓர் இரவு கூண்டு 20 டிகிரிக்கு இறங்கிவிட்டால் நல்ல உடம்போடு இருக்கும் போவா பிழைத்துக்கொள்ளும். ஒதுங்க இடமில்லாமல் ஒரு மதியம் முழுக்க 42 டிகிரியில் அடைபட்டால் பிழைக்காது.

இங்கேதான் வெளிநாட்டுக் குறிப்புகளைப் படித்து ஹீட்டர் வாங்குபவர்கள் தடுமாறுகிறார்கள். அந்தக் குறிப்புகள் வருடம் முழுக்க அறை 20 டிகிரியில் இருக்கும் வீட்டுக்காக எழுதப்பட்டவை. நம் வீடுகளில் மார்ச் நடுவிலிருந்து மே கடைசி வரை ஹீட்டரே தேவையில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறை என்றால் அந்த மாதங்களில் பாம்பைக் குளிர்விப்பதுதான் வேலை. ஈரோடு, கரூர்ப் பக்கம் இன்னும் மோசம். ஜூன் பிறந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று இறங்கியதும் நிலைமை மாறுகிறது. சாரலும் காற்றுமாக இரவு குளிர்ந்துவிடும். கணவாய்க்கு நேரே இருக்கும் பொள்ளாச்சி, கிணத்துக்கடவு வீடுகளில் இன்னும் அதிகம். பிறகு கார்த்திகை, மார்கழி, தை. வெளியே 18, 19 டிகிரி, வீட்டுக்குள் 22, 23. ஆக மொத்தம் நமக்கு வேண்டியது, அறையைவிட எட்டுப் பத்து டிகிரி மட்டும் ஏற்றித் தரும் மென்மையான ஹீட்டர். வால்பாறைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அங்கே குளிர் நிஜமான எதிரி, இன்னும் வலுவான ஏற்பாடு வேண்டும்.

முதலில் ஹீட் மேட். கூண்டுக்கு அடியிலோ உள்ளேயோ விரிக்கும் மெல்லிய சூட்டுப் பாய். இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது, விலையும் குறைவு, சிறிய பாம்புகளுக்குத் தெர்மோஸ்டாட்டோடு (வைத்த டிகிரி வந்ததும் ஹீட்டரை அணைக்கும் கருவி) பயன்படுத்துபவர்கள் உண்டு. ஒன்பது கிலோ பாம்புக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மேட்டின் சூடு மேலே எழுந்து காற்றில் கலந்தால்தான் அது சொன்ன டிகிரியில் நிற்கும். கனமான உடல் அதன்மேல் சுருண்டு படுத்தால் சூடு போக வழி இல்லை. போர்வைக்குள் வைத்த இஸ்திரிப் பெட்டியைப் போல அந்த இடம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். தெர்மோஸ்டாட்டின் சென்ஸார் அரையடி தள்ளி ஒட்டியிருந்தால் அதற்கு இது தெரியாது. பாம்பு தானாக நகர்ந்துவிடும் என்று நம்பவும் முடியாது. அடிவயிறு வெந்துபோகும் வரை சூடான பரப்பிலேயே படுத்திருப்பது பாம்புகளிடம் நன்கு அறியப்பட்ட வழக்கம். வயிற்றுச் செதில்கள் முதலில் சிவந்து, பிறகு கொப்புளித்து, பழுப்பேறி உரியும். ஆறுவதற்குப் பல தோலுரிப்புகள் ஆகும். நான் இணையத்தில் வாங்கிய மேட்டைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே, சூடு மீறினால் கரண்டை அறுக்கும் தெர்மல் கட்அவுட் கிடையாது, ஃபியூஸ் கிடையாது, ஒயர் சேரும் இடத்தில் ஒரு பசைத்துளி மட்டும். பவளத்தின் கூண்டுப் பக்கமே அதைக் கொண்டுபோகவில்லை. மேட் மேலே இருக்கும் காற்றையும் பெரிதாகச் சூடாக்காது. ஆறடிக் கூண்டில் அதனால் பாதிப் பயன்கூட இல்லை. செயற்கைப் பாறைக்குள் சூட்டுக் கம்பி வைத்து விற்கும் ஹாட் ராக் இதைவிட மோசம். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை, வாங்க வேண்டாம்.

அடுத்து, சிவப்பு புரூடர் பல்பு. இது நம் ஊர்ச் சரக்கு. பல்லடம், உடுமலை வட்டாரத்தில் கோழிக்குஞ்சு இறக்கும் பண்ணைகளில் 250 வாட் சிவப்பு பல்புகள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருநாள் குஞ்சுக்கு வேண்டிய சூடு 32 முதல் 35 டிகிரி. போவா குளிர்காயும் இடத்துக்கு வேண்டிய சூடும் ஏறக்குறைய அதுவே. அதனால் பாம்பு, ஆமை, ஓணான் வகைகள் வளர்க்கும் இளைஞர்கள் பலர் இந்தப் பல்பைத்தான் முதலில் வாங்குகிறார்கள். திறந்த கொட்டகைக்கும் மூடிய பெட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை யோசிக்க வேண்டும். பெட்டிக்குள் 250 வாட் மிக அதிகம். இரவு முழுக்கச் சிவப்பு வெளிச்சம் அடித்தால் பாம்புக்கு இரவே இல்லை. தண்ணீர்த் தொட்டியில் புரண்டு எழும் பாம்பு ஒரு துளி நீரைச் சூடான கண்ணாடிமேல் தெறித்தால் பல்பு வெடித்துச் சிதறவும் கூடும்.

இந்தப் பல்பு வாங்க நான் போன பல்லடத்துக் கடையைப் பற்றி மட்டும் நல்லதாகச் சொல்ல வேண்டும். கோழிப்பண்ணைச் சாமான் விற்கும் கடை அது. "எத்தனை குஞ்சு இறக்குகிறீர்கள் தம்பி?" என்றார் பெரியவர். கோழிக்கு வேண்டாம், வீட்டில் ஒரே ஒரு பாம்பு இருக்கிறது என்றேன். சற்று நிதானித்து, "அது எத்தனை கிலோ? பெட்டி என்ன நீளம்?" என்று கேட்டார். பிறகு பல்பை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, பீங்கான் ஹோல்டரும் கேப்பிலரி தெர்மோஸ்டாட்டும் எடுத்துக் கொடுத்தார். குஞ்சு பல்பைவிட்டு விலகி ஓரம் போய் ஒட்டிக்கொண்டால் சூடு அதிகம், பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குறைவு, மீட்டரைவிட அதைப் பாருங்கள் என்றார். பாம்புக்கும் அப்படியே பொருந்துகிறது. பவளம் நாள் முழுக்கக் குளிர்ந்த கோடியில் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தால் நான் முதலில் பார்ப்பது தெர்மோஸ்டாட்டைத்தான். செல்லப்பிராணிக் கடைகளில் இதே பீங்கான் ஹோல்டருக்கு இரண்டு மடங்கு விலை சொல்கிறார்கள்.

செராமிக் பல்பு என்று சொல்லப்படும் வெளிச்சம் இல்லாத பீங்கான் ஹீட்டர் மூன்றாவது. இது நல்ல கருவி, கவனம் வேண்டிய கருவி. இரவில் இருட்டாகவே இருக்கும், பல ஆண்டுகள் உழைக்கும், நீர் தெறித்தாலும் கண்ணாடியைப் போலச் சிதறாது. ஆனால் அதன் மேற்பரப்பு பல நூறு டிகிரிக்குப் போகிறது. எரிகிறதா இல்லையா என்று கண்ணால் தெரியாததால் ஆபத்து கூடுகிறது. பிளாஸ்டிக் அல்லது பேக்லைட் ஹோல்டரில் மாட்டினால் ஹோல்டர் கருகி உதிரும். பீங்கான் ஹோல்டர்தான் வேண்டும். சாதாரண பிவிசி ஒயரும் தாங்காது. கண்ணாடி இழை உறை போட்ட ஒயரோ சிலிகான் ஒயரோ போட வேண்டும். காட்டூர், காந்திபுரம் பக்கம் எலெக்ட்ரிகல் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். பல்பைச் சுற்றி வலைக்கூண்டு இல்லாமல் பெரிய பாம்பின் பெட்டிக்குள் வைக்கவே கூடாது. போவா ஏறும் பாம்பு. சூடான எதையும் போய்ச் சுற்றிக்கொள்ளப் பார்க்கும். ஒன்பது கிலோ உடல் வலைக்கூண்டைப் பிடித்துத் தொங்கும் என்று நினைத்துக்கொண்டு மாட்டுங்கள். மர ஸ்க்ரூ வேண்டாம், பலகையை ஊடுருவும் போல்ட் நட்டு போடுங்கள்.

பெரிய பாம்புக்குச் செராமிக் பல்பின் இன்னொரு குறை, அது ஒரு புள்ளியில் இருந்து சூடு தருவது. சுருண்டு படுத்த பவளம் ஏறக்குறைய ஒன்றரையடி அகலத்துக்கு இடம் பிடிக்கிறாள். பல்புக்கு நேர் கீழே இருக்கும் கையகல முதுகு வெந்துகொண்டிருக்கும், வால் பக்கம் குளிர்ந்திருக்கும். உடல் மொத்தமும் சூடேறாததால் அவள் அங்கிருந்து நகரவும் மாட்டாள். பெரிய பாம்புகளுக்கு முதுகில் சூட்டுப் புண் வருவதற்கு இது முக்கியக் காரணம். ஒரே 150 வாட் பல்புக்குப் பதிலாக 60 வாட்டில் இரண்டைச் சற்று விலக்கி மாட்டினால் ஓரளவு சரியாகும். எப்படி மாட்டினாலும் காற்றை உலர்த்திவிடும். மாசி மாதத்து வறண்ட காற்றில் பவளத்தின் தோல் துண்டு துண்டாக உரிந்தது. தண்ணீர்த் தொட்டியைச் சூட்டுப் பக்கத்துக்கு நகர்த்திய பிறகு சரியானது.

இப்போது என் கூண்டில் இருப்பது பேனல். கூரையில் தட்டையாகப் பொருத்தி, அகலமான பரப்பில் இருந்து மெல்லிய சூட்டைக் கீழே விடும் ஹீட்டர். வெளிநாட்டில் பெரிய பாம்பு வளர்ப்பவர்கள் பலரும் இதற்குத்தான் மாறியிருக்கிறார்கள். அங்கிருந்து வரவழைக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். அமெரிக்காவில் இருக்கும் உறவினர் பெட்டியில் போட்டுக் கொண்டுவரும் பேனல் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் வாட் ஏறக்குறைய மூன்றே முக்கால் மடங்காகும். 80 வாட் பேனல் 290 வாட்டுக்கு மேல் இழுத்து எரிந்துபோகும். பிளக் மாற்றும் அடாப்டர் வோல்டேஜை மாற்றாது. ஐரோப்பாவுக்கென்று செய்தவை 230 வோல்ட், அவை பொருந்தும். கப்பல் செலவும் சுங்கமும் சேர்ந்தால் விலை கையைக் கடிக்கும்.

கோவையில் இருந்துகொண்டு ஹீட்டருக்குக் கடல் தாண்டிப் போக வேண்டுமா என்று யோசித்தேன். பிளாஸ்டிக் மோல்டிங் மெஷின்களுக்கு பேண்ட் ஹீட்டரும் மைக்கா ஹீட்டரும் செய்யும் சிறு பட்டறைகள் இங்கே நிறைய இருக்கின்றன. எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் சொல்லி, இரண்டடிக்கு ஒன்றரையடி அலுமினியத் தகட்டில் 80 வாட் சிலிகான் ரப்பர் ஹீட்டரை ஒட்டி வாங்கினேன். 2,400 ரூபாய் ஆனது. முகப்பைக் கறுப்பு பவுடர் கோட்டிங் செய்யச் சொன்னேன். பளபளக்கும் அலுமினியம் சூட்டைக் கதிராக வெளியே விடாது, தன்னிடமே வைத்துக்கொள்ளும். கோட்டிங் போட்டதும் அதே தகடு நன்றாகக் கதிர்வீசும். பட்டறை முதலாளிக்கே இது தெரிந்திருந்தது, நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. பேனலின் முதுகில் மிக்ஸி மோட்டாருக்குள் வைக்கும் தெர்மல் கட்அவுட் ஒன்றையும் தொடராக இணைத்தேன். பேனல் அளவுக்கு மீறிச் சூடானால் அதுவே அறுத்துவிடும்.

முழு மின்சாரத்தில் முகப்பு 55 டிகிரி அளவில் நிற்கிறது. செராமிக் பல்போடு ஒப்பிட்டால் இது எவ்வளவு சாது என்று புரியும். இருந்தாலும் 55 டிகிரி உலோகம் பாம்பின் தோலைச் சுடும். அதனால் இரண்டு அங்குலம் கீழே சின்னக் கண் வெல்டுமெஷ் அடித்து, அதற்கும் கோட்டிங் போட்டிருக்கிறேன். அவள் படுக்கும் பலகை மெஷ்ஷிலிருந்து ஓரடிக்குச் சற்றுக் கீழே. மொத்தச் சுருளும் பேனலின் நிழலுக்குள் அடங்குகிறது. தலைப் பக்கம், நடு உடல், வால் என்று எங்கே அளந்தாலும் ஒன்றரை டிகிரிக்குள் வித்தியாசம். இந்த ஒன்றுக்காகவே பேனலுக்கு என் முழு மதிப்பெண்.

குறை இல்லாமல் இல்லை. பேனலும் செராமிக்கும் தருவது நீள அலை அகச்சிவப்புக் கதிர், தோலின் மேற்பரப்பிலேயே நின்றுவிடும். வெயிலில் இருக்கும் குறுகிய அலைக் கதிர் தசை வரை இறங்கும். ஹாலஜன் விளக்கு அந்தக் குறுகிய அலையைத் தருகிறது. ஆர்கேடியா நிறுவனத்தின் டீப் ஹீட் புரொஜெக்டர் வகை தருவதும் பேனலைவிடக் குறுகிய அலைதான். பகலில் மட்டும் ஒன்றைச் சேர்த்துக்கொள்வது பாம்புக்கு நல்லது. அதற்கும் வலைக்கூண்டும் டிம்மிங் வகைத் தெர்மோஸ்டாட்டும் (கரண்டை ஒரேயடியாக அறுக்காமல் கூட்டிக் குறைப்பது) தேவை. கண்ணாடிக் கூண்டை மாடியில் வெயிலில் வைப்பது அதற்கு மாற்று ஆகாது, சில நிமிடங்களில் பாம்பு செத்துப்போகும். புதுப் பேனல் முதலில் சூடேறும்போது ரப்பர் வாடை அடிக்கும். பாம்பை உள்ளே விடுவதற்கு முன் வாடை போகும் வரை வெளியே வைத்து எரியவிட வேண்டும்.

கூண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 80 வாட் போதுமானதாக இருப்பதற்குக் காரணம் பெட்டிதான். ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி உயரம், இரட்டைப் பிளைவுட், நடுவில் பக்கச் சுவர்களுக்குத் தெர்மாகோல். கூரையில் பேனல் இருக்கும் இடத்துக்கு மட்டும் ராக்வுல், அதாவது தீப்பிடிக்காத கல்பஞ்சு. தெர்மாகோல் தீப்பிடிக்கும், சூட்டுக்குப் பக்கத்தில் அதை வைக்கக் கூடாது. ஒற்றைப் பலகை பெட்டி என்றால் இரண்டு மடங்கு வாட் கேட்கும். இரண்டு மடங்கு வாட் என்றால் பழுதாகும் நாளில் இரண்டு மடங்கு ஆபத்து. ஹீட்டருக்குச் செலவழிக்கும் முன் பெட்டிக்குச் செலவழியுங்கள்.

தெர்மோஸ்டாட்டுக்கு வருகிறேன். எஸ்டிசி-1000 என்ற சீன மாடல் எல்லா எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கிறது; முட்டை பொரிக்கும் இன்குபேட்டர் செய்பவர்கள் வாங்குவதும் அதுதான். எஃப்1இல் வேண்டிய டிகிரி, எஃப்2இல் எவ்வளவு இறங்கினால் மறுபடி போட வேண்டும் என்ற இடைவெளி, எஃப்4இல் சென்ஸார் திருத்தம். உடைத்த ஐஸ்கட்டியும் தண்ணீரும் கலந்த டம்ளரில் சென்ஸாரை விட்டால் 0 காட்ட வேண்டும், காட்டாவிட்டால் எஃப்4இல் சரிசெய்யுங்கள். கரண்ட் போய் வந்தாலும் வைத்த அளவு மறப்பதில்லை. இதைக் கடையிலேயே பிளக்கைப் பிடுங்கிச் சொருகிப் பாருங்கள். சில நவீனத் தெர்மோஸ்டாட்டுகள் கரண்ட் வந்ததும் யாராவது பட்டனை அழுத்தும் வரை காத்திருக்கும். மழைக்கால நள்ளிரவில் கரண்ட் போய் வந்தால் அழுத்துவதற்கு யார் எழுந்திருப்பார்கள்? பின்பக்க டெர்மினல்கள் திறந்தபடி 230 வோல்ட்டில் இருக்கும். பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து, வேலை தெரிந்தவரைக் கொண்டு ஒயரிங் செய்யுங்கள்.

விலைக்கு மிக நல்ல சாமான். ஆனாலும் இதை மட்டும் நம்பி ஒரு உயிரை விட மாட்டேன். இதற்குள் கரண்டைப் போட்டு அணைப்பது ஒரு ரிலே, மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச். ரிலேயின் கான்டாக்ட் ஒட்டிக்கொள்வதை என் கடையில் வாரந்தோறும் பார்க்கிறேன். ஒட்டிக்கொண்டால் திரையில் எண் சரியாகவே ஓடும், ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும். இன்னொரு வழியும் உண்டு. பாம்பு சென்ஸாரைப் பிடுங்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டால், தெர்மோஸ்டாட் கூண்டு குளிர்ந்துவிட்டது என்று நினைத்து ஹீட்டரை விடாமல் போடும். கருவி பழுதாகவில்லை, பாம்பு மட்டும் வேகும். அதனால் சென்ஸாரைச் சுருளின் உயரத்தில், சூட்டுப் பக்கச் சுவரில், ஓட்டை போட்ட செம்புக் குழாய்க்குள் விட்டு இரண்டு பக்கமும் கிளாம்ப் அடித்திருக்கிறேன்.

இரண்டாவது காவலாகப் பல்லடத்துக் கேப்பிலரி தெர்மோஸ்டாட். கீசர், ஓவன்களில் இருக்கும் பழைய வகை: குமிழுக்குள் இருக்கும் திரவம் விரிந்து சுவிட்சைத் தள்ளும். எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லை. எஸ்டிசி 32இல் அணைக்கும். கேப்பிலரி 36இல் வைத்து, இரண்டையும் தொடராக இணைத்திருக்கிறேன். ஒன்று ஒட்டிக்கொண்டாலும் மற்றது அறுக்கும். இரண்டும் வேறு வேறு முறையில் வேலை செய்வதால் ஒரே காரணத்தால் இரண்டும் சேர்ந்து கெடும் வாய்ப்பு மிகக் குறைவு. இதே காரணத்தால்தான் இரண்டு எஸ்டிசி வாங்குவதை நான் சொல்ல மாட்டேன். எல்லாவற்றுக்கும் முன்னால், மின்கசிவு வந்தால் உடனே அறுக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று. தண்ணீரும் மின்சாரமும் ஒரே பெட்டியில் இருக்கும் இடத்தில் அது இல்லாமல் கையை உள்ளே விடக் கூடாது.

பவளத்தை வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டு, ஏப்ரல் மதியம் ஒன்றில் வேண்டுமென்றே காவல்கள் எல்லாவற்றையும் விலக்கி ஹீட்டரை நேரடியாக எரியவிட்டுப் பார்த்தேன். அறை 35 டிகிரி. 80 வாட் பேனலில் மாலைக்குள் சூட்டுப் பக்கம் 45, குளிர்ந்த பக்கம் 39. அடுத்து 150 வாட் செராமிக் பல்பு. சூட்டுப் பக்கம் 55ஐத் தாண்டியதும் அணைத்துவிட்டேன். இந்த எண்களைப் பாருங்கள். இருப்பதிலேயே சாதுவான ஹீட்டர்கூடக் கோடை மதியத்தில் கட்டுப்பாடு இழந்தால் பாம்பைக் கொன்றுவிடும். அதே பேனலை மார்கழி இரவில் அப்படி எரியவிட்டால் சூட்டுப் பக்கம் 33ஐ ஒட்டித்தான் நின்றது. குளிர்காலத்தில் தெர்மோஸ்டாட் கெட்டாலும் பவளம் பிழைப்பாள். கோடையில் பிழைக்க மாட்டாள். ஆகவே மார்ச் நடுவில் ஹீட்டரின் பிளக்கையே பிடுங்கிச் சுருட்டி வைத்துவிடுகிறேன். சுவிட்சை அணைப்பது போதாது, வீட்டில் யாராவது தெரியாமல் போட்டுவிடுவார்கள்.

வோல்டேஜையும் மறக்கக் கூடாது. ஹீட்டரின் வாட் வோல்டேஜின் வர்க்கத்தில் ஏறும். தெருவில் நியூட்ரல் தளர்ந்து 230க்குப் பதில் 260 வந்தால் 80 வாட் பேனல் 102 வாட் ஆகிவிடும். 190க்கு இறங்கினால் 55 வாட்டுக்கும் குறைவு. விசைத்தறிக்கூடம் பக்கத்தில் இருக்கும் சோமனூர், பல்லடம் வீட்டுக்காரர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் பழக்கப்பட்டதுதான். ஒரு சின்ன ஸ்டெபிலைசர் போட்டுவிட்டால் கவலை தீரும்.

மின்தடைக்குப் பெரிதாக அஞ்ச வேண்டாம். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து மாலை வரை நிறுத்துவது பகலில்தான். பகலில் நம் அறை பாம்புக்குப் போதும். மழைக்கால இரவுகளுக்கு வீட்டு இன்வெர்ட்டரே பேனலைத் தாங்கும். எட்டு மணி நேரம் விடாமல் எரிந்தாலும் 640 வாட் மணிதான். சைன்வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் நல்லது. இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வைக்கலாம், வெற்றுப் பாட்டிலாக வைக்காதீர்கள். செலவும் பயப்படும்படி இல்லை. குளிர் மாதங்களில் பேனல் பாதி நேரம் எரிகிறது, நாளொன்றுக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு, இரண்டு மாத பில்லில் அறுபது யூனிட்டுக்குள்.

அளப்பதற்குத் துப்பாக்கி வடிவ இன்ஃப்ரா ரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கூண்டின் கண்ணாடிக்கு வெளியே நின்று அளந்தால் அது காட்டுவது கண்ணாடியின் சூட்டைத்தான். கதவைத் திறந்து, பலகையை நேராக அளக்க வேண்டும். பளபளக்கும் உலோகத்தைக் குறிவைத்தாலும் தவறாகவே காட்டும், மேலே ஒரு துண்டுக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அதன்மேல் குறிவையுங்கள். பாம்பின் முதுகையே அளப்பதுதான் எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது.

மூன்றடி நான்கடிப் பாம்பு வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு ஏற்பாடு வேண்டாம். வலைக்கூண்டுக்குள் 60 வாட் செராமிக் ஒன்றும் இரண்டு தெர்மோஸ்டாட்டும் போதும். ஐந்தடியைத் தாண்டிவிட்டால் பேனல்தான். பட்டறைக்காரர்களிடம் கூண்டின் உள்ளளவு, வோல்டேஜ், வாட், கறுப்பு கோட்டிங், பின்பக்கக் கட்அவுட் ஆகியவற்றைத் தாளில் எழுதிக் கொடுங்கள். ஒயர் எந்த மூலையில் வெளியே வர வேண்டும் என்றும் படம் போட்டுக் காட்டுங்கள். ஒற்றைச் சாமான் என்பதால் மோல்டிங் ஆர்டர்களுக்கு நடுவில்தான் செய்து தருவார்கள், இரண்டு மூன்று வாரம் ஆகும். ஐப்பசி பிறந்ததும் சொல்லி வைத்தால் கார்த்திகைக் குளிருக்குள் கைக்கு வந்துவிடும்.